கடலோர வீட்டு ரெயிலிங்: 304 போதுமா, 316 வேண்டுமா?

நீலாங்கரையில் மொட்டைமாடிக்கு ரெயிலிங் போட வேண்டியிருந்தது, கடல் நடந்துபோகும் தூரம்தான். இரும்புக் குழாய்க்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை முதலிலேயே அவுட். உப்புக் காற்றில் வருஷா வருஷம் யார் சுரண்டிக்கொண்டிருப்பது? மலிவாக 'எஸ்.எஸ்.' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று தரும் 202 ரகம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த சரக்கு, கடற்கரைக்கு ஆகாது. மிஞ்சியவை அதிலேயே 304, 316 ரகங்கள். நான் போட்டது 316.

பார்வைக்கும் வலுவுக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், காந்தம் வைத்தும் பிரிக்க முடியாது. முக்கிய வித்தியாசம், 316-இல் சேர்க்கும் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கடல் காற்றின் உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனை அளவில் துளைக்கும், அப்புறம் குழி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். மாலிப்டினம் இருந்தால் துளை விழுவதும் குறைவு, விழுந்தது வளர்வதும் குறைவு. இந்தக் குழி அரிப்பை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் சூத்திரத்தில் 1 சதவீத மாலிப்டினத்துக்கு 3.3 சதவீத குரோமியத்தின் மதிப்பு. அதன்படி 304-க்கு 18, 19 வரும். 316-க்கு 24 பக்கம். எண் கூடினால் தாங்கும் சக்தியும் கூட.

விலை 316-க்குத்தான் கூட, நிக்கலும் அதில் அதிகம். மாலிப்டினம் பெரும்பாலும் செம்புச் சுரங்கங்களின் துணைப்பொருள் என்பதால் அதன் விலையும் நிலையாக இருக்காது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கடலோரத்தில் 304 உடைந்து விழாது, ஆனால் டீக்கறை மாதிரி பழுப்பு படியும், தேய்த்தாலும் திரும்ப வரும். 316-க்கும் நல்ல தண்ணீரில் அவ்வப்போது கழுவல் வேண்டும், குறிப்பாக மழை படாத சன்ஷேடுக்கு அடியில். ஹேர்லைன் ஃபினிஷில் (மெல்லிய கோடுகள் இழுத்த மேற்பரப்பு) அந்தக் கோடுகளில் உப்பு தங்கும், அதனால் மிரர் பாலிஷ்தான் சரி. ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம், மூட்டில் உருக்கி நிரப்பும் கம்பி 316எல் தானா என்று கேளுங்கள். 308எல் கம்பியில் மாலிப்டினம் இல்லை, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய குழாயில் மூட்டு மட்டும் துருப்பிடிக்கும். வெல்டிங் நிறமாற்றத்தையும் பிக்லிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை, பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. தாம்பரம் தாண்டி உள்ளே வீடு என்றால் நானே 304-தான் வாங்குவேன். 316 என்று பில் போட்டால் மட்டும், காசு கொடுக்கும் முன் மாலிப்டினம் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நிறம் மாறுவதில் தெரிந்துவிடும்.