திம்னா சந்திப்புக் கூடாரம்: போங்க, ஆனா பைபிள்ல லேவியர் புத்தகம் 8ம் அதிகாரம் படிச்சிட்டு போங்க

எகிப்து பக்கத்துல இருந்து தாபா பார்டர் தாண்டி இஸ்ரேலோட எய்லாத் ஊருக்கு வர்ற புனிதப் பயண க்ரூப் நிறைய பேர் திம்னா பார்க்ல இறங்குவாங்க, பாலைவனத்துக்கு நடுவுல மோசே காலத்துல இஸ்ரயேலர் கடவுள வழிபட்ட சந்திப்புக் கூடாரத்த (புராட்டஸ்டன்ட் சிஎஸ்ஐ சபைக்காரங்க ஆசரிப்புக் கூடாரம்பாங்க) பைபிள்ல சொன்ன அளவுக்கே மாடலா போட்டு வச்சிருக்காங்க. முற்றம் 100 முழம் நீளம் 50 முழம் அகலம், அதாவது ஏறக்குறைய 45க்கு 22 மீட்டர், படிக்கறப்போ பெரிய கோயில்னு நினைச்சேன், நேர்ல ஒரு கல்யாண மண்டபம் அளவு தான். நிஜத் தங்கம் கிடையாது, மாடல் தானே.

உள்ள தலைமைக் குரு பொம்மை ஒன்னு நிக்குது, மார்புல 12 கல் பதிச்ச பட்டை. நம்ம ஆளுங்க எல்லாம் அதுகூட செல்ஃபி. ஆனா எனக்கு மனசு நின்னது வெளிய, கூடார வாசல்ல. மோசேயோட அண்ணன் ஆரோனும் அவர் மகன்களும் குருக்களா ஆகறதுக்காக 7 நாள் அந்த வாசல விட்டு நகராம இருந்தாங்க. மோசே அவங்கள தண்ணில கழுவி, உடுப்பு போட்டு, ஆரோன் தலைல எண்ணெய ஊத்தி, ஆட்டுக்கிடா ரத்தத்த எடுத்து வலது காது மடல், வலது கை பெருவிரல், வலது கால் பெருவிரல்னு மூணு இடத்துல பூசினார். எங்க டூர் கம்பெனி கைடு இதுல ஒரு வார்த்தை சொல்லல, நாப்பது நிமிஷத்துல பஸ்ஸுக்கு விரட்டிட்டாரு, அதுக்கு தான் டூருக்கு ஸ்டார் கட்.

சரின்னு பஸ்லயே பைபிள எடுத்து நானே வாசிச்சேன். அப்புறம் மோசே கொழுப்பு, வலது தொடை, அப்பம் எல்லாத்தயும் அவங்க உள்ளங்கைல வைக்கிறாரு. எபிரேயத்துல குருவா ஏற்படுத்துறதுக்கே "கையை நிரப்புறது"ன்னு தான் பேச்சு வழக்கு. போன வருஷம் அக்கா பையன் கத்தோலிக்கக் குருவான குருப்பட்டச் சடங்குல ஆயர் அவன் ரெண்டு உள்ளங்கைலயும் கிறிஸ்மாங்கிற புனித தைலம் பூசி, அப்பமும் திராட்சை ரசமும் இருந்த தட்டையும் கிண்ணத்தையும் கைல கொடுத்தப்போ எனக்கு இது எதுவும் தெரியாது, போட்டோவுக்கு நல்லா இருக்கேன்னு தான் பார்த்தேன். பூசை முடிஞ்சு அந்தக் கைய முத்தம் செஞ்சப்போ வந்த பால்சம் வாசனை இன்னும் மூக்குல இருக்கு. மோசேயோட எண்ணெய்ல வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, அது வேற வாசனையா இருந்திருக்கும்.

ஒரு விஷயம் பாருங்க, லேவியர் 8ல ஆரோன் கை வைக்கிறது பலி ஆட்டு தலைல, குருப்பட்டத்துல ஆயர் கை வைக்கிறது குருவாகப் போறவர் தலைல. மோசே தனக்கு அடுத்த தலைவரா யோசுவா மேல கை வச்ச மாதிரின்னு கூட வந்த ஃபாதர் சொன்னாரு. அப்ப கிண்ணம் கொடுக்கறது தான முக்கியம்னு நான் விடல. 1439ல ஃபுளோரன்ஸ்ல கூடின திருச்சபைச் சங்கம் அப்படி தான் சொல்லிச்சு, ஆனா 1947ல போப் பன்னிரண்டாம் பயஸ் கை வைக்கிறது தான் அடையாளம்னு முடிவு பண்ணிட்டாருன்னு ஃபாதர் ஒரேயடியா அடக்கிட்டாரு. பின் சீட்ல இருந்த அக்கா, "எது முக்கியமோ, அந்தத் தைலம் துடைச்ச துணி என் பீரோவுல பத்திரமா இருக்கு"ன்னுட்டு தூங்கிப் போச்சு.

மாடலுக்கு 4 ஸ்டார், டூருக்கு 2. தொப்பி எடுத்துட்டுப் போங்க.