நானே செய்த கிச்சன் டேபிள், மூன்று வருடத்துக்கு அப்புறம்

2022 ஆகஸ்டில் ஆரம்பித்து தீபாவளிக்கு முன்னால் முடித்த டேபிள் இது. 4 அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், 32 அங்குல உயரம். அம்மாவுக்கு முட்டி வலி, தரையில் அருவாமனை போட்டு உட்கார முடியவில்லை. மேடையில் அடுப்பும் மிக்சியும் போக ஒரு தட்டு வைக்கக்கூட இடமில்லை. காய் நறுக்க, கிரைண்டர் வைக்க ஏதாவது வேண்டும் என்றுதான் இறங்கினேன். அதற்கு முன் மரத்தில் நான் செய்த ஒரே உருப்படி ஒரு செருப்பு ஸ்டாண்டு, அதுவும் இன்றுவரை ஒரு பக்கம் சாய்ந்தேதான் நிற்கிறது.

மரம் பழைய தேக்கு. சென்னையில் இடிக்கிற வீடுகளுக்குப் பஞ்சமா என்ன, பழைய கதவு, நிலை விற்கும் கடையில் ஒரு ஜோடி நிலைக்கால்களும் மூன்று பலகைகளும் கிடைத்தன. மரத்துக்கு மட்டும் 9,000 ரூபாய் சொச்சம். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் இனி முறுக்காது என்று தைரியம். ஆனால் உள்ளே தலை ஒடிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும், அதை யாரும் சொல்லவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய இழைப்புளி முதல் நாளே ஒரு ஆணியில் மோதித் தகட்டில் பல் விழுந்தது. அன்று சாயங்காலம் முழுக்க சாணைக்கல்லோடுதான் போனது. இப்போதெல்லாம் பழைய மரத்தைத் தொடும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று அங்குலச் சதுரக் கால், ஒன்றேகால் அங்குலப் பலகை, பார்ப்பதற்கு யானை மாதிரி இருந்தது. மூட்டுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது ஹார்டுவேர் கடைக்காரர் “எல் ஆங்கிள் போட்டு ஸ்குரூ முடுக்கிடுங்க சார், போதும்” என்றார். எனக்கும் உளியால் துளை குடைந்து மரத்துக்குள் மரத்தைச் செருகச் சோம்பல். முடுக்கினேன். முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை, பொங்கலுக்கு மாவு அரைக்க 2 லிட்டர் கிரைண்டரை ஓடவிட்டால் டேபிள் நீளவாக்கில் மெல்ல ஆடுகிறது. ஸ்குரூவை இறுக்கினால் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் பழைய ஆட்டம். காரணம் யோசித்தால் எளிதுதான்: ஆடும்போது வருகிற இழுவை முழுவதும் நாலு மெல்லிய ஸ்குரூ முனைகளில் விழுகிறது, மரத்தில் அதன் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. கால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதற்கு உதவாது.

பிரித்துவிட்டு, தெரிந்த ஆசாரி ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். “கோடு போடுறதுதான் தம்பி வேலை, உளி சும்மா அந்தக் கோட்டு மேல நடக்கும்” என்றார். காலில் 4 நூல் அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஆழத் துளை, மேல்பலகைக்குக் கீழே கால்களை இணைக்கும் சுற்றுச் சட்டத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு நுனியிலும் அதில் போய் உட்காரும் நாக்கு. (8 நூல் ஓர் அங்குலம், டேப்பில் மில்லிமீட்டர் பார்த்துப் பழகியவனுக்கு இது பழக ஒரு வாரம் ஆகும்.) மொத்தம் எட்டுத் துளை. முதல் இரண்டும் கண்றாவி, ஒன்றில் நாக்கு லொடலொடவென்று ஆடியது, ஒரு சீவல் ஒட்டிச் சரிக்கட்டினேன். ஐந்தாவதிலிருந்து கையால் தள்ளினால் பாதி போய், கொட்டாப்புளியால் தட்டினால் மீதி போகும் அளவுக்கு வந்துவிட்டது. ஃபெவிகால் தடவி, ஒவ்வொரு மூட்டிலும் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. பசை காயும்வரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கக் காசில்லாமல் நாலு காலையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவே குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினேன். அதற்கப்புறம் இன்றுவரை ஆட்டம் இல்லை. கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் வைத்த டம்ளர் தண்ணீரில் நெளிவு தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த தப்பு மேல்பலகையில். அதைச் சட்டத்தோடு இறுக்கி ஸ்குரூ அடித்திருந்தேன். 2023 கத்திரி வெயிலில், கடற்காற்று வராத ஒரு மத்தியானம் “டப்” என்று சத்தம், ஒரு பலகை ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மரம் அகலவாக்கில் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும், ஆனால் அசையாமல் இருக்காது. இப்போது சட்டத்தில் நீளத் துளை போட்டு, வாஷர் வைத்து ஸ்குரூ விட்டிருக்கிறேன், பலகை அதன்பாட்டுக்கு நகர்ந்துகொள்ளும். அந்த விரிசல் மே மாதம் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவாகத் திறக்கும், ஐப்பசி மழையில் தானாக மூடிக்கொள்ளும். அம்மா அதைப் பார்த்துத்தான் வடாம் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

பாலிஷ் பற்றி ஒரு வரி: அரக்குப் பாலிஷ் அடுக்களைக்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றிய டபராவை வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம். உப்புத்தாள் போட்டு மொத்தத்தையும் தேய்த்தெடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், அலுப்புதான், ஆனால் கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். மஞ்சள் கறைக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம், ஜன்னல் வெயில் பட்டால் சில நாளில் வெளிறிவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், வடிய இரண்டு நாள் ஆனது. பிளைவுட் அலமாரி உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்து குப்பைக்குப் போனது. டேபிளின் மூட்டுகளில் ஒன்றுகூட நெகிழவில்லை. ஆனால் காலின் அடிப்பக்கம் உறிஞ்சு காகிதம் மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டது, ஒரு காலில் நான் பிடுங்காமல் விட்ட பழைய இரும்பு ஆணியைச் சுற்றி மை கொட்டிய மாதிரி கருப்பு. அது இன்னும் போகவில்லை. முதலிலேயே காலின் அடியில் இரண்டு மூன்று தடவை ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து தடவி அடைத்திருக்க வேண்டும், மரைன் என்று விற்கிறார்களே, தண்ணீர் தாங்கும் ரகம், அதுதான் இதற்குச் சரி. தண்ணீர் வடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, 2024 பிப்ரவரியில்தான் அதைச் செய்தேன்.

இப்போது தொட்டிப் பக்கம் உள்ள கால் மட்டும் தினமும் நனைகிறது. கிரானைட் கடையில் வீணாகிக் கிடக்கும் துண்டு நாலு கேட்டு வைத்திருக்கிறேன், இந்த மழைக்கு முன்னால் காலுக்கு அடியில் கொடுத்துவிட வேண்டும்.