டெஸ்ட் லேம்ப் எரிந்தால் எர்த் சரி என்று நம்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டுத் திருச்சிக்கு அருகே சொந்த வீடு கட்டிய நான், வயரிங் வேலையில் ஏமாந்த விதத்தை, இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

குடிபுகுந்த நான்காம் மாதம், ஈரக்கையோடு ஃபிரிட்ஜைத் திறந்த அம்மாவுக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்துச் சமையலறை சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டின் நியூட்ரலையும் (மின்னோட்டம் திரும்பும் வயர்) எர்த்தையும் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர்) விரல் நீளக் கறுப்பு வயர்த் துண்டு ஒன்று இணைத்திருந்தது. எர்த்துக்காக எட்டடிக் குழி, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், கரி, உப்பு என்றெல்லாம் பில் போட்டிருந்த இடத்தைத் தோண்டினோம். காய்ந்த மண்ணில் இரண்டடிக் கம்பி நின்றது.

குழி சரியில்லாததால், பேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்க்கும் டெஸ்ட் லேம்ப் மங்கலாக எரிந்திருக்கிறது. அது பளிச்சென்று எரிய வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் எர்த்தை நியூட்ரலோடு சேர்த்திருக்கிறார். சேர்த்ததும், போகிற மின்னோட்டத்துக்கும் திரும்புகிற மின்னோட்டத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி ஓயாமல் விழுந்திருக்கிறது. அதையும் வயர் போட்டுத் தாண்டிவிட்டார். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினேன், விளக்கு அணையவில்லை.

ஒப்பந்தக்காரரைக் கேட்டதற்கு, "அமெரிக்காவிலேயே ரெண்டையும் சேர்த்துத்தான் சார் கட்டுறாங்க" என்றார். பாதி உண்மை என்பதுதான் இதில் ஆபத்து. அமெரிக்காவில் அவை சேர்வது மெயின் பெட்டியில். இங்கிலாந்தின் பல வீடுகளில் கேபிள் நுழையுமிடத்தில் மின்நிறுவனமே சேர்த்துத் தருகிறது. அதற்குப் பிறகு சாக்கெட் வரை இரண்டும் தனித்தனி. நம் ஊரில் கம்பத்திலிருந்து சிங்கிள் பேஸ் வீட்டுக்கு வருவது பேஸும் நியூட்ரலும்தான்; எர்த் நம் பொறுப்பு. எங்கள் வீட்டில் மீட்டருக்கு அருகே நியூட்ரல் திருகு தளர்ந்திருந்தது. அது முழுதாக விட்டிருந்தால், கிரைண்டர் முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாவற்றின் உலோக உடலிலும் 230 வோல்ட் வரை ஏறியிருக்கும்.

சிங்கப்பூரில் பழைய வீடுகளுக்கும் 2025 ஜூலைக்குள் ஆர்சிசிபி கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே ஒரு நாளும் பெட்டியைத் திறந்து பார்க்க நேராத பழக்கம்தான் என்னை இங்கே கெடுத்தது.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், குழியை மூடும்போது பக்கத்தில் நில்லுங்கள். எர்த்தின் மின்தடையை எர்த் டெஸ்டரால் அளந்து எழுதி வாங்குங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்தபின், சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டர் 'பீப்' என்றால், எங்கோ ஒரு கறுப்புத் துண்டு ஒளிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து இருந்தன.