முகம் தேய்க்க எது: பிளாஸ்டிக் மணியா, வால்நட் தூளா, பயத்தமாவா?

தேய்க்கிற வேலையை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் நுண்மணியில் பெரிய குறை சொல்ல முடியாது. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் மணியை உருண்டையாக, வழவழப்பாக, ஒரே அளவில் செய்ய முடியும். அப்படிச் செய்த மணி தோலைக் கீறாது, கெடாது, விலையும் மலிவு. ஃபேஸ் வாஷ் தயாரிப்பாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வினை கழுவிய தண்ணீரில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் கடை ஸ்க்ரப்புகளைச் சோதித்தார்கள். ஒரு வேளைக்கு எடுக்கும் 5 மில்லியில் 4,594 முதல் 94,500 மணிகள் வரை வெளியேறலாம் என்பது அவர்கள் கணக்கு. கழிவுநீர் நிலையத்தில் பெரும்பகுதி கசடில் தங்கிவிடும். அந்தக் கசடை வயலுக்கு உரமாக இட்டால் மணியும் கூடவே போகும். தப்பியது ஆற்றுக்கும் கடலுக்கும். அமெரிக்காவில் 2017 ஜூலை முதல் இவற்றைத் தயாரிக்கத் தடை. பிரிட்டன் 2018-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2023-லும் தடை போட்டன. ஆகவே இது ஆட்டத்திலேயே இல்லை.

அதன் இடத்துக்கு வந்தவற்றில் வால்நட் ஓட்டுத் தூளும் ஆப்ரிகாட் கொட்டைத் தூளும் முக்கியமானவை. மண்ணில் மக்கும், அதுவரை சரி. ஆனால் உடைத்து அரைத்த ஓடு ஒரே சீராக இருக்காது. சில துகள்களுக்கு முனை கூராக நிற்கும். அமெரிக்காவில் இதற்காக ஒரு ஸ்க்ரப் மீது 2016-ல் வழக்கே போட்டார்கள். 2018-ல் அது தள்ளுபடியானது. இருந்தாலும் குதிகாலுக்கும் முழங்கைக்கும் மேல் இதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

சர்க்கரை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடுவதால் அளவுக்கு மீறித் தேய்க்க அதுவே விடாது. கை, காலுக்கு நல்லது. உப்பும் கரையும், ஆனால் சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். காபித் தூள் மணம் ஜோர். சாக்கடைக் குழாயைத்தான் அடைக்கும்.

பிளாஸ்டிக் மணியின் வழவழப்பு வேண்டுமென்றால் ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் விதையிலிருந்து எடுக்கும் மெழுகில் செய்த மணி இருக்கிறது. அதுவும் உருண்டை, அதுவும் மிருது, மக்கக்கூடியதும்கூட. விலைதான் கையைக் கடிக்கும்.

முகத்துக்கு என் ஓட்டு பயத்தமாவுக்கே. மெல்லிய துணியில் சலித்த மாவை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் முதலில் நறநறக்கும், பிறகு ஊறிக் குழம்பாகும். அந்தப் பதத்தில்தான் முகத்தில் தடவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடும். நலங்கு மாவில் இதுவே அடிப்படைச் சரக்கு. ஒரு தொல்லை: டப்பாவைக் குளியலறையில் வைத்து ஈரக்கை விட்டால் பூசணம் பிடிக்கும். பீர்க்கங்காய் நாருக்கும் இதே கதி. வெயிலில் காயப்போடாவிட்டால் கிருமிக் கூடாகிவிடும்.

வீட்டில் பழைய டியூப் கிடந்தால் பொருள் பட்டியலில் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், நைலான் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் ஒரு ஸ்பூனை வெந்நீரில் கலக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சர்க்கரை, உப்பு என்றால் துணியில் ஒன்றும் மிஞ்சாது. ஓட்டுத் தூள் பழுப்பாக, கோணல்மாணலாகத் தங்கும். நகத்துக்கடியில் உருளும் நீல, வெள்ளைப் புள்ளிகள் நின்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஹொஹோபா மணி என்றால் கொதிநீரில் உருகிவிடும்.

சீழ் கட்டிய பரு உள்ள முகத்தை இவற்றில் எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள், பயத்தமாவு உட்பட.