லயத்து வீட்டில் செய்மதித் தொலைக்காட்சி: நகைச்சுவை ரசிகரின் மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இப்போது லயத்துக்கு லயம் கூரையோரத்தில் டிஷ் நிற்கிறது. எங்கள் காம்பராவிலும் (லயத்து அறையிலும்) முன்பணம் கட்டி ரீலோட் செய்து பார்க்கும் இணைப்பொன்று சில வருடங்களாக இருக்கிறது. செய்தியும் கிரிக்கெட்டும் கைத்தொலைபேசியிலேயே கிடைத்துவிடுகின்றன. நான் இதற்குப் பணம் கட்டுவது தமிழ்ச் சினிமா நகைச்சுவைக்காக மட்டுமே என்பதால், அதற்கு இந்தச் சேவை எவ்வளவு உதவுகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

படத்தின் தெளிவில் எனக்குக் குறையில்லை. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பிறகு, பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தும், இடையில் ஒரு மலை குறுக்கிட்டால் பள்ளத்து லயங்களில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அன்டெனாக் கம்பத்தைத் திருப்புவதற்கென்றே வீட்டில் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். செய்மதிச் சமிக்ஞை உயரத்திலிருந்து இறங்குவதால் மலை அதை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆனால் மழை மறைக்கிறது. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலைகள் 12 கிகாஹேர்ட்ஸ் அளவிலானவை. கனத்த மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சிவிடும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஜூன், ஜூலை மாதங்களில் இது எத்தனை மாலைகளைக் கெடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படம் வராத நாளுக்கும் ரீலோட் பணம் கழிகிறது என்பது நியாயமே இல்லாத ஏற்பாடு.

நகைச்சுவைக்கென்றே உள்ள அலைவரிசை அடிப்படைப் பக்கேஜிலேயே கிடைக்கிறது. அதை நம்பி மட்டும் இணைப்பு எடுக்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. அங்கே வருவது படமல்ல, படத்திலிருந்து வெட்டி எடுத்த ஐந்து நிமிடத் துண்டு. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிப் போட்டாலும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் கதை சொல்பவன், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பனிக்குப் பெயர் வைத்துவிட்டு, படமெடுக்கத் தகப்பனிடமே பணம் கறக்கப் பார்க்கும் மகன் என்பது தெரிந்தால்தான், பாலையாவின் முகத்தில் படிப்படியாக ஏறும் பயம் முழுமையாக இனிக்கும். அவர் அந்தக் காட்சியில் பேசுவது மிகக் குறைவு. கண்ணும் வாயும் தோளும்தான் நடிக்கின்றன. தமிழில் இதற்கு மேல் ஒரு நகைச்சுவைக் காட்சி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியும் அப்படித்தான். கையில் காசு தங்காத ஆட்டக்காரர் கூட்டத்தில் ஒரு பழம் குறைவதும் பெரிய விஷயம். அதனால்தான் கவுண்டமணிக்கு அவ்வளவு கோபம் வருகிறது. துண்டாகப் பார்ப்பவருக்குச் செந்தில் அடி வாங்குவது மட்டுமே மிஞ்சுகிறது. போதாததற்குத் திரையின் அடியில் விளம்பரப் பட்டி ஓடி, கையில் இருக்கும் பழத்தையும் மறைத்துவிடுகிறது.

ஆகவே பழைய படங்களை முழுதாகப் போடும் அலைவரிசை அடங்கிய அடுத்த பக்கேஜையே எடுங்கள். கூடுதல் பணம்தான், ஆனாலும் தகும். மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்து, “தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கூட்டு” என்று கேட்டுப் பார்ப்பது இந்த முழுப் படங்களைத்தான்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கேஜை எடுத்தாலும் நகைச்சுவை என்றால் தமிழ்நாடு மட்டுமே. மரிக்கார் ராம்தாஸ் எழுதி, இலங்கை வானொலியில் ஒலித்து, 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமும் ஆன ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகம், இந்நாட்டின் பலவகைப் பேச்சுத் தமிழையும் ஒரே மேடையில் மோதவிட்டுச் சிரிக்க வைத்தது. அந்த மரபுக்கு வாரம் அரை மணித்தியாலமாவது ஒதுக்கினால், தோட்டத்துப் பேச்சில் நகைச்சுவை எழுதக்கூடிய இளைஞர்களுக்கும் ஒரு வழி பிறக்கும்.

பழுதுபார்ப்பு ஏமாற்றமே. டவுனிலிருந்து ஆள் வர நாள் கணக்கில் ஆகிறது, போக்குவரத்துச் செலவும் நம் தலையில் விழுகிறது. இணைப்புப் போடும்போதே கேபிள் முனைக்கு இறப்பர் டேப் சுற்றச் சொல்லுங்கள். இங்குள்ள பனிமூட்டத்தின் ஈரம் இறங்கினால் முதலில் கெடுவது அதுதான். இடி மின்னல் மிகுந்த சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள்.