ஒரே வில்லன், இரண்டு இரண்டாம் பாகங்கள்

2010-இல் கிரேக்கப் புராணத்தை வைத்து ஹாலிவுட்டிலிருந்து இரண்டு பெரிய படங்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டுமே வசூலில் தேறியதால் இரண்டுக்கும் இரண்டாம் பாகம் வந்தது. 2012 மார்ச்சில் 'ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்', 2013 ஆகஸ்டில் 'பெர்சி ஜாக்சன்: சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்'. இரண்டிலும் இயக்குநர் மாறினார். முதலாவதை ஜோனதன் லீபெஸ்மனும் அடுத்ததைத் தோர் ஃப்ராய்டந்தாலும் எடுத்தார்கள். இரண்டிலும் நாயகன் கடவுளுக்கும் மனுஷிக்கும் பிறந்தவன். கடைசியில் எழுந்து வரும் வில்லன்கூட ஒருவன்தான்: கடவுள்களின் அரசன் ஜீயஸின் தகப்பன் க்ரோனோஸ்.

அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. என் ஓட்டு 'ராத்'துக்கு. விமர்சகர்கள் இரண்டையும் சேர்த்தேதான் சாத்தினார்கள் என்பது தெரியும். அப்படியும் என் ஓட்டு அதற்குத்தான்.

க்ரோனோஸ் வெறும் ராட்சசன் இல்லை. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்கிற கதையில் அவன் தன் தகப்பன் யுரேனஸை அரிவாளால் வெட்டி வீழ்த்தியவன். தனக்கும் அதே கதி தன் பிள்ளையால் வரும் என்ற பயத்தில் பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக விழுங்கியவன். நமக்குக் கம்சன் ஞாபகம் வரும். ஆனால் கம்சன் தங்கை பிள்ளைகளைக் கொன்றான், இவன் விழுங்கியது சொந்தப் பிள்ளைகளை. கடைசிக் குழந்தை ஜீயஸுக்குப் பதிலாக ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்துத்தான் தாய் ரியா அவனைக் காப்பாற்றினாள். தகப்பன் பிள்ளை பகை தலைமுறை தலைமுறையாக ஓடும் குடும்பம் இது. க்ரோனோஸைத் திரைக்குக் கொண்டுவருகிறவர் இந்தப் பகையையும் கொண்டுவர வேண்டும்.

'ராத்' அதைச் செய்கிறது. மனிதர்கள் கும்பிடுவதை நிறுத்திவிட்டதால் கடவுள்களின் சக்தி வடிந்துகொண்டிருக்கிறது. ஜீயஸின் மகனான நாயகன் பெர்சியுஸ், மனைவியை இழந்து, மீனவனாக மகன் ஹீலியஸோடு வாழ்கிறான். ஜீயஸ் உதவி கேட்டு வர, மகனை விட்டு வர முடியாது என்று மறுத்துவிடுகிறான். அந்தப் பக்கம் ஜீயஸின் இன்னொரு மகனான போர்க் கடவுள் ஏரீஸ், அப்பாவுக்குப் பெர்சியுஸ் மேல்தான் பாசம் என்ற பொருமலில் ஜீயஸையே காட்டிக்கொடுக்கிறான். க்ரோனோஸ், ஜீயஸ், ஏரீஸும் பெர்சியுஸும், ஹீலியஸ் என்று நாலு தலைமுறை ஒரே கதைக்குள் வந்துவிடுகிறது.

பாதாளத்தில் கட்டிப்போட்ட ஜீயஸின் சக்தியை உறிஞ்சி க்ரோனோஸுக்கு ஏற்றும் காட்சியைக் கவனியுங்கள். ஜீயஸாக வரும் லியாம் நீசன் அண்ணாந்து பார்த்து ஆர்ப்பாட்டம் எதுவும் செய்வதில்லை. கை கல்லாக இறுகிப்போக, அண்ணனான பாதாளக் கடவுள் ஹேடிஸிடம் பழைய தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற கிழவராகத்தான் இருக்கிறார். ரால்ஃப் ஃபைன்ஸின் ஹேடிஸ் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற முகம் படத்தின் எல்லா கிராபிக்ஸையும் விடப் பெரியது. அப்புறம் க்ளைமாக்ஸில் அந்த இரண்டு கிழவர்களும் தோளோடு தோள் நின்று எரிமலைக் குழம்பாக வரும் தகப்பனை எதிர்க்கும்போது, அந்தச் சண்டைக்கு ஒரு கனம் கிடைக்கிறது.

ஆக்‌ஷனிலும் இதன் கைதான் ஓங்கி நிற்கிறது. ஆரம்பத்தில் மீனவ கிராமத்துக்குள் கைமீரா என்ற அரக்க மிருகம் புகும் காட்சி ஒன்று போதும். ஒரு தலை எண்ணெய் போல எதையோ துப்ப, இன்னொரு தலை அதைப் பற்றவைக்கிறது. பெர்சியுஸ் குடிசைகளுக்கு நடுவே ஓட, கேமராவும் கூடவே ஓடுகிறது. புராணத்தில் கைமீராவைக் கொன்றவன் பெலரோஃபான், பெர்சியுஸ் இல்லை. அந்த மாற்றத்தை நான் பெரிதுபடுத்தமாட்டேன், காட்சி அவ்வளவு நன்றாக இருக்கிறது. சிக்குவழிக்குள் வரும் காளைத்தலை அரக்கன் மினோட்டாரின் சண்டையைத்தான் மன்னிக்க முடியவில்லை: இருட்டு, குலுக்கல், சட்டென்று முடிந்துவிடுகிறது. ரோசமண்ட் பைக் போன்ற நடிகையைக் கவசம் மாட்டி நிற்கவைத்ததும் வீண்தான்.

சரி, 'சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்'. இது ரிக் ரியோர்டன் 2006-இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. புராணத்தை இன்றைய அமெரிக்காவுக்குள் நுழைக்கிற விளையாட்டில் இது கெட்டிக்காரப் படம். ஒரே கண்ணை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் கிழவிகள் டாக்ஸி ஓட்டுகிறார்கள்; தூதுக் கடவுள் ஹெர்மீஸ் பார்சல் கம்பெனி நடத்துகிறார். கேத்ரீனா புயலுக்குப் பிறகு மூடியே கிடந்த நியூ ஆர்லியன்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவில்தான் அரக்கன் போலிஃபீமஸின் இடத்தைப் படமாக்கினார்கள். துருப்பிடித்த ராட்டினங்களுக்குச் செட் போட வேண்டிய அவசியமே இல்லை.

இதிலும் தகப்பன் பிள்ளை கதை இருக்கிறது, அழகாகவே தொடங்குகிறது. பெர்சி தண்ணீரைப் பார்த்துத் தகப்பனான கடல் கடவுள் பொசைடனிடம் பேசுகிறான், பதில் வருவதில்லை. வருவது டைசன் என்கிற ஒற்றைக்கண் தம்பி. அவனைத் தம்பி என்று சொல்லிக்கொள்ளப் பெர்சி கூச்சப்படுவதும் பிறகு மாறுவதும்தான் படத்தின் உயிர். ஒற்றைக்கண்ணர்கள் விஷயத்தில் 'ராத்'தை இது மிஞ்சிவிடுகிறது; அங்கே அவர்கள் காட்டில் மரத்தைத் தூக்கி அடிக்கும் பெரிய உருவங்கள் மட்டுமே.

ஆனால் க்ரோனோஸ் வந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. நாவலில் இந்தக் கட்டத்தில் அவன் எழுவதே இல்லை. படத்தில் அவசரமாக எழுப்புகிறார்கள், இரண்டு பேரை விழுங்குகிறான், பெர்சியின் வாள் பட்டதும் நொறுங்கிப்போகிறான். கடவுள்களே நடுங்கிய ஒருவனைச் சில நிமிஷத்தில் முடித்துவிட்டால் அடுத்த பாகத்துக்கு யாரை வைத்துப் பயமுறுத்துவது? தகப்பன் ஹெர்மீஸ் மேல் இருக்கும் கோபத்தில்தான் க்ரோனோஸை எழுப்புகிற லூக் இத்தனையும் செய்கிறான். அந்தத் தகப்பனும் மகனும் நேருக்கு நேர் நிற்கும் ஒரு காட்சி வைத்திருந்தால் இந்த அலசலின் முடிவே மாறியிருக்கும்.

செலவுக் கணக்கைப் பார்த்தால் 'ராத்' சுமார் 15 கோடி டாலரில் எடுத்து 30 கோடியைத் தொட்டது. 'சீ' 9 கோடியில் எடுத்து 20 கோடி வரை வந்தது. இரண்டும் தத்தம் முதல் பாகத்தைவிடக் குறைவாகவே சம்பாதித்தன. மூன்றாம் பாகம் இரண்டுக்குமே வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காருகிறீர்கள் என்றால் 'சீ' போடுங்கள்; டைசனை அவர்களுக்குப் பிடித்துவிடும். பெரியவர்கள் மட்டும் என்றால் 'ராத்', அதுவும் முடிந்தவரை பெரிய திரையில், சத்தத்தைக் கூட்டிவைத்து. பெர்சியின் கதை 2023 டிசம்பரில் டிஸ்னி ப்ளஸ் தொடராகப் புதிதாகத் தொடங்கியது. இந்த முறை நாயகன் நாவலில் உள்ளபடி சின்னப் பையன். அங்கே க்ரோனோஸைச் சீக்கிரமே எழுப்பிவிடாமல் காக்கவைப்பார்கள் என்று நம்புகிறேன்.