கடை உடைப்பு வழக்கு: இலவச வக்கீலா, சொந்த வக்கீலா?

ராமேஸ்வரத்தில் ராத்திரி கடைப் பூட்டை உடைத்ததாகத் தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சின்ன வழக்கல்ல, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 331(4)-ன்படி, திருடுவதற்காக உடைத்தது என்றால் 14 ஆண்டு சிறை வரை போகலாம்.

செலவு: காவலில் இருப்பவருக்கு 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சொந்த வக்கீலுக்கு ஃபீஸ், அப்புறம் வாய்தாச் செலவு.

ஜாமீன்: இருவரில் யாராக இருந்தாலும் போதும்.

அலைச்சல்: இங்கேதான் வித்தியாசம். அன்று கடலில் இருந்தார் என்றால் விசைப்படகு டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு), உடன்போனவர்கள் சாட்சி வேண்டும். பக்கத்துக் கடை கேமரா பதிவை அழிவதற்குள் கேட்க வேண்டும். சொந்த வக்கீல் இதற்கு அலைவார் (எல்லாரும் அல்ல, அது வேறு கதை).

ஷட்டரில் கைரேகை மட்டுமே ஆதாரம், ஆளோ அங்கே தினமும் ஐஸ் இறக்குபவர் என்றால் இலவச வக்கீலே தாராளம். கடலில் இருந்ததை நிரூபிக்கணும் என்றால், கடன் வாங்கியாவது சொந்த வக்கீல்தான்.